கால்வாய்க் கரைக் குடும்பங்களுக்குத் தொலைவில் மாற்று வீடு: சம்மதிக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வட சென்னையில் கால்வாய்க் கரையோரம் உள்ள ஒரு குடிசைப் பகுதியில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறு குழுவில் நான் இருக்கிறேன். மூன்று தலைமுறையாக அதே இடத்தில் வாழும் குடும்பங்கள் அங்கே உண்டு. அண்மையில் அதிகாரிகள் வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்து, கைரேகை பதிந்து, கதவில் எண் எழுதிச் சென்றிருக்கிறார்கள். எழுத்து வடிவில் இதுவரை எந்த அறிவிப்பும் தரப்படவில்லை. நகரின் தெற்கு எல்லையில் அடுக்குமாடி வீடு ஒதுக்கப்படும் என்று வாய்மொழியாக மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

மக்களிடையே ஒரே கருத்து இல்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீட்டுக்குள் சாக்கடை நீர் புகுவதைப் பார்த்துச் சலித்துப்போன சிலர், எங்கே கொடுத்தாலும் ஒரு காங்கிரீட் வீடு போதும் என்கிறார்கள். விடியற்காலை காசிமேட்டில் மீன் எடுத்து நான்கு தெருவில் விற்றுப் பிழைக்கும் பெண்களோ, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால் அந்தத் தொழில் அன்றோடு முடிந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். இரு தரப்பினரும் சொல்வது உண்மைதான் என்பதால், எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நாங்கள் தயங்கி நிற்கிறோம்.

இவர்களைத் தவிர, கணக்கெடுப்பில் சரியாகப் பதிவானார்களா என்றே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். ஒரே குடும்ப அட்டையில், ஒரே கூரையின் கீழ் வாழும் அண்ணன் தம்பி குடும்பங்கள் உண்டு. மகன் பெயரிலுள்ள அட்டையில் உறுப்பினராக மட்டும் இருந்துகொண்டு தனியே வாழும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். சக்கர நாற்காலியில் இருக்கும் இளைஞரின் குடும்பம், ஒரு குடிசையைப் பகிர்ந்து வாழும் திருநங்கைகள், மாத வாடகைக்கு இருப்பவர்கள் என்று இன்னும் பலர். வீட்டு உரிமைக் கொள்கை இவர்களை எப்படிப் பார்க்கிறது? இடம் மாறுவதற்குச் சம்மதம் தெரிவிக்கும் முன் அரசிடம் எவற்றை எழுதிக் கேட்க வேண்டும்? சட்டம் அறிந்தவர்களும், ஏற்கெனவே இப்படிக் குடியேறியவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: சட்ட உதவிப் பணியில் இருப்பவர்

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீர்வழிக் கரை என்பது வருவாய்த் துறைக் கணக்கில் ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு, அதாவது குடியிருப்பவருக்குப் பட்டா தர இயலாத அரசு நிலம். அங்கேயே பட்டா வாங்கித் தருவதாக யார் சொன்னாலும் அதற்காக மக்கள் பணமோ காலமோ செலவிட வேண்டாம். முன்னறிவிப்பின்றி வீடுகளை இடிப்பதைக் கண்டித்து உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அளித்த தீர்ப்பைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பதினைந்து நாள் அறிவிப்பு கட்டாயம் என்று அத்தீர்ப்பு வகுத்த நெறிகள், சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டப்பட்டவற்றுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அதை மட்டும் நம்பி நிற்பது ஆபத்து.

அதற்காக உங்கள் மக்கள் உரிமையே இல்லாதவர்கள் என்று பொருளில்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வெளியேற்றுவதாக இருந்தால், காரணம் கேட்டு முன்கூட்டியே எழுத்து மூலம் அறிவிப்பு தர வேண்டும். அதற்குப் பதில் அளிக்கவும் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று கூறியது. மாற்றிடம் தந்த பிறகே அகற்ற வேண்டும் என்று எல்லோருக்குமாக அத்தீர்ப்பு கூறவில்லை என்பதையும் அறிந்திருங்கள். 1995 டிசம்பரில் வந்த சமேலி சிங் வழக்கின் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. உறைவிட உரிமை என்பது போதிய இடம், காற்று, வெளிச்சம், குடிநீர், மின்சாரம், சுகாதாரம் ஆகியவற்றோடு, ஒருவர் தம் அன்றாடத் தொழிலுக்கு எளிதாகச் சென்றுவர உதவும் சாலை முதலிய வசதிகளையும் உள்ளடக்கியது என்று அது விளக்கியது. மீன் விற்கும் பெண்களின் அச்சத்துக்குச் சட்ட மொழியில் கிடைக்கும் மிக வலுவான ஆதாரம் இதுவே. மனு எழுதும்போது, தொலைவு என்பதை வசதிக் குறைவாக எழுதாமல், பிழைப்புரிமை பறிபோவதாக எழுதுங்கள்.

தமிழக அரசின் கொள்கையையும் சான்றாக வைக்கலாம். 2021 அக்டோபரில் மறுகுடியமர்வு, மறுவாழ்வு குறித்த கொள்கை வரைவை அரசே வெளியிட்டது. 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒரு முதியவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன்பின் சட்டமன்றத்தில் பேசிய முதலமைச்சர், அகற்றப்படும் மக்களிடம் மாற்றிடம் குறித்து முன்கூட்டியே கலந்து பேசப்படும் என்று உறுதியளித்தார். ஓர் உயிர் போன பிறகு கிடைத்த உறுதிமொழி அது. உங்கள் பகுதியில் அப்படியொரு கலந்தாய்வு நடந்ததா, எந்த நாளில், யார் முன்னிலையில் என்று எழுதிக் கேளுங்கள்.

உடனடியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று விவரங்களைக் கோருங்கள்: நிலத்தின் புல எண்ணும் வகைப்பாடும், எந்தத் திட்டத்திற்காக எத்தனை மீட்டர் அகலத்துக்கு இடம் தேவைப்படுகிறது என்பது, கணக்கெடுப்புப் பட்டியலின் நகல். இரண்டாவதை மக்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கால்வாயை அகலப்படுத்தத் தேவைப்படும் பகுதிக்கு வெளியே உள்ள வீடுகளும் ஒரே வேகத்தில் சேர்த்து அகற்றப்படுவது உண்டு. அதோடு, 1971ஆம் ஆண்டின் குடிசைப்பகுதிச் சட்டத்தின் கீழ் உங்கள் பகுதி குடிசைப்பகுதியாக அறிவிக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். 1971இல் 1,202 பகுதிகளும் 1985இல் மேலும் 17 பகுதிகளும் பட்டியலிடப்பட்டன. அதன் பிறகு நெடுங்காலமாகப் பட்டியல் விரிவாக்கப்படாததால், சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் பெரும்பகுதி சட்டத்தின் கண்ணில் படாமலேயே வளர்ந்துவிட்டது.

மாற்றுத்திறனாளியின் குடும்பத்திற்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 37 துணை நிற்கும். அரசின் வீட்டுத் திட்டங்களில் ஐந்து விழுக்காடு இட ஒதுக்கீடு தர வேண்டும் என்பது அதன் விதி. தரைத்தள வீடு வேண்டும் என்ற கோரிக்கையை இந்தப் பிரிவைச் சுட்டி இப்போதே பதிவு செய்யுங்கள். வீடு ஒதுக்கும் குலுக்கல் முடிந்த பிறகு அதை மாற்றிக்கொள்வது மிகக் கடினம்.

வழக்குச் செலவை எண்ணி யாரும் பின்வாங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

பதில் 2: மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வாழும் பெண்

வணக்கம். ஆற்றங்கரையிலிருந்து நகரின் தெற்கே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பொன்றுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன். பூட்டக்கூடிய கதவும், வீட்டுக்குள் கழிப்பறையும் பெண்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அவை இல்லாமல் வளர்ந்தவர்கள் அறிவார்கள். என் மகள்கள் இருட்டிய பிறகு அச்சத்தோடு வெளியே போக வேண்டிய நிலை இங்கே இல்லை. அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் வீடு வந்த அன்றே வருமானம் போனது. எங்கள் பகுதிப் பெண்களில் பெரும்பாலோர் நடந்தே சென்று இரண்டு மூன்று வீடுகளில் சமையலும் பாத்திரம் கழுவும் வேலையும் செய்தவர்கள். காலை ஆறரை மணிக்கு வாசல் தெளிக்க ஆள் வேண்டும் என்பவர்கள், ஒன்றரை மணி நேரம் பேருந்தில் வருபவருக்காகக் காத்திருப்பார்களா? 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்றானது எங்களுக்குப் பேருதவி. இருப்பினும் பயண நேரத்தை யாரும் திருப்பித் தர முடியாது. பழைய வேலையை விடாமல் பிடித்துக்கொண்டவர்களின் பிள்ளைகள், பெற்றோர் இல்லாத வீட்டில் விடியற்காலையும் மாலையும் தனியே இருந்தார்கள். பலர் படிப்பை நிறுத்தியது அந்தக் காலத்தில்தான்.

கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் வந்த குடும்பங்களுக்கு இடமாற்றச் செலவுக்காக 5,000 ரூபாயும், வாழ்வாதார உதவியாக மாதம் 2,500 ரூபாய் வீதம் ஓராண்டுக்கும் அறிவிக்கப்பட்டது. உங்கள் மக்களுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், யாருடைய வங்கிக் கணக்கில் வரும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். புது இடத்தில் அந்தப் பணம் தேவைப்படுவது முதல் மூன்று மாதங்களில்தான். தாமதமாக வந்தால் அதற்குள் வட்டிக் கடன் ஏறியிருக்கும்.

கல்வியாண்டின் நடுவில் இடம் மாற்ற ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில், மழைக்காலத்தில் வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த ஆண்டையே இழந்தார்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் எட்டாம் வகுப்பு வரை உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். இருந்தும், ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வந்து நிற்கும்போது பள்ளியில் அறையும் ஆசிரியரும் இருக்க வேண்டுமே. போவதற்கு முன்பே சிலர் நேரில் சென்று அங்கன்வாடி, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை ஆகியவை நடக்கும் தொலைவில் இயங்குகின்றனவா என்று பார்த்து வாருங்கள். கட்டடம் நிற்பதை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். செவிலியர் இருக்கிறாரா, மருந்து தரப்படுகிறதா, அரிசி வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

குலுக்கல் பற்றியும் சொல்ல வேண்டும். குலுக்கலில் வீடு ஒதுக்கும்போது அக்கம்பக்கத்தார் வெவ்வேறு கட்டடங்களுக்குச் சிதறிப்போகிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தையும், இரவில் காய்ச்சல் என்றால் ஆட்டோ எடுத்து வந்த தம்பியும் எங்கோ ஒரு மூலையில் இருப்பார்கள். தனியே வாழும் உங்கள் மூதாட்டிக்கு அக்கம்பக்கத்தார்தான் குடும்பம். தெருவாரியாகக் குழுவாக ஒதுக்குங்கள், குலுக்கலை அந்தக் குழுவுக்குள் நடத்துங்கள் என்று கேளுங்கள். அரசுக்கு இதனால் ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

பதில் 3: வீட்டு வசதித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர்

சகோதரி எழுதியதை மதித்துப் படித்தேன். இருந்தும் மறுபக்கத்தையும் சொல்வது என் கடமை. கால்வாய்க்குள் வீடு இருக்கும்வரை அங்கே வாழ்பவர்களின் உயிருக்கு ஆபத்து நீங்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டதை நான் கண்ணால் கண்டவன். நீர்வழியைத் திறந்துவிட வேண்டியது கட்டாயம்.

ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி மக்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடங்களான செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். அதே 2015 வெள்ளத்தில் அவையும் தண்ணீரில் நின்றன. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வெள்ளம் சூழும் இடத்தில் குடியேற்றியதைப் பொறியியல் நோக்கில் எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. அரசு நிலம் அங்கே பெருமளவில் கிடைத்தது என்பது மட்டுமே காரணம்.

1970இல் குடிசைப்பகுதி மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற அண்ணாவின் சொல்லை முழக்கமாக ஏற்று, குடிசை இருந்த இடத்திலேயோ மிக அருகிலோ மாடி வீடுகள் கட்டப்பட்டன. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கடற்கரையோரக் குப்பங்களிலும் இன்றும் ஏழைகள் நகரின் நடுவே வாழ்கிறார்கள் என்றால் அந்த முடிவுதான் காரணம். 1977இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் தந்து, மக்கள் தாமே படிப்படியாகக் கட்டிக்கொள்ள வழி செய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டுவாக்கில் கண்ணகி நகர் எழுந்ததிலிருந்துதான் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒரே இடத்தில், நகரின் விளிம்பில் குவிக்கும் பழக்கம் வேரூன்றியது. அங்கே மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். முகவரியைக் கேட்டதும் வேலை மறுக்கும் அவலம் அந்தக் குவிப்பின் நேரடி விளைவு.

எழுபதுகளில் கட்டிய அந்தப் பழைய குடியிருப்புகள் இப்போது சிதைந்து, வாழ்விட மேம்பாட்டு வாரியம் (பழைய குடிசைப்பகுதி மாற்று வாரியத்தின் இன்றைய பெயர்) அவற்றை இடித்து, கூடுதல் மாடிகளோடு மறுகட்டுமானம் செய்து வருகிறது. ஏற்கெனவே வாழ்ந்த குடும்பங்களுக்குப் போக மீதமாகும் வீடுகள் சில இடங்களில் உண்டு. எனவே உங்கள் மனுவில், இங்கேயே வேண்டும் என்று மட்டும் எழுதினால் கால்வாயைக் காட்டி மறுத்துவிடுவார்கள். உங்கள் பகுதிக்கு ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் எந்தெந்தப் பழைய குடியிருப்புகள் மறுகட்டுமானத்திற்கு எடுக்கப்பட்டுள்ளன, அவற்றில் கூடுதலாகக் கிடைக்கும் வீடுகள் எத்தனை, அவை யாருக்கு ஒதுக்கப்படும் என்று கேளுங்கள். அங்கே வீடு கிடைத்தால் நீர்வழியும் மீளும், மீன் கூடையும் தெருவுக்கு வரும். வட சென்னையில் இத்தகைய பழைய குடியிருப்புகள் நிறையவே இருக்கின்றன.

கட்டுமானத் தரம் குறித்தும் விழிப்போடு இருங்கள். புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புதிதாகக் கட்டிய 1,920 வீடுகளில் 2021இல் சுவர்ப் பூச்சு கையோடு உதிர்ந்து வந்ததை நாடே பார்த்தது. சாவி வாங்கும் முன் தண்ணீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு, மின்தூக்கி, தீயணைப்புக் குழாய் ஆகியவற்றை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பதில் 4: நகரத் திட்டமிடல் படித்து ஆய்வு செய்பவர்

பொறியாளர் ஐயா சொன்ன யோசனையை முழுமையாக ஏற்கிறேன். வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி இதுவரை யாரும் பேசாததால் அதை மட்டும் எழுதுகிறேன்.

நம் நாட்டில் ஏழைகளுக்கான வீட்டுக் கொள்கை ஏறத்தாழ முழுவதும் சொந்த வீட்டை நோக்கியே அமைந்திருக்கிறது. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்திற்கு 30 சதுர மீட்டர் வரையிலான வீட்டைக் கூட்டு முயற்சியில் கட்ட ஒன்றிய அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் மானியம் தந்தது.  மீதியை மாநில அரசு ஏற்றாலும், பயனாளி பங்குத்தொகை என்று ஒன்று குடும்பத்தின் தலையில் விழுகிறது. நாட்கூலிக் குடும்பம் அதை எங்கிருந்து கொண்டுவரும்? நகையை அடகு வைக்கிறார்கள், கந்து வட்டிக்கு வாங்குகிறார்கள். இதற்கு வங்கிக் கடன் ஏற்பாடு உண்டா, தவணை எத்தனை ஆண்டுக்கு என்பதையும் உங்கள் கேள்விகளில் சேருங்கள்.

வாடகைக் குடும்பங்கள் கணக்கெடுப்பில் விடுபடுவதற்கும் இந்தச் சொந்த வீட்டுச் சிந்தனைதான் வேர். குடிசைக்கு ஒரு வீடு என்று எண்ணும்போது, அந்தக் குடிசையின் உரிமையாளராகச் சொல்லிக்கொள்பவர் வெளியில் வாழ்ந்தாலும் பட்டியலில் இடம்பெறுகிறார். உள்ளே வாழும் குடும்பமோ விடுபடுகிறது. வெள்ளத்தில் பாதிக்கப்படுபவரும் இடிக்கப்படும் நாளில் தெருவில் நிற்பவரும் அந்த வாடகைக் குடும்பம்தான். ஆகவே குடிசையை அல்ல, குடித்தனத்தை அலகாகக் கொண்டு எண்ண வேண்டும் என்பது உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். அண்ணன் தம்பி குடும்பங்களின் சிக்கலும் இதனால் தீரும்.

அரசே கட்டி, குறைந்த வாடகைக்கு விட்டுப் பராமரிக்கும் வீடுகள் நகரின் நடுவே இருந்தால் இவர்களில் பலருக்கு அதுவே பொருத்தமான தீர்வு. 2020இல் ஒன்றிய அரசு மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை அறிவித்தது, ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய காட்சிக்குப் பின். தமிழ்நாட்டில் பணிபுரியும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் வந்துள்ளன. திருப்பெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பை மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் கட்டி 2024இல் திறந்தது. தொழிற்சாலையில் பணிபுரிபவருக்கு வாடகை உறைவிடம் தர அரசால் முடியும் என்றால், அந்த நகரத்தின் குப்பையை அள்ளுபவருக்கும் அதன் வீடுகளைத் துடைப்பவருக்கும் ஏன் முடியாது? இதை நான் மிகுந்த வருத்தத்தோடுதான் கேட்கிறேன்.

ஒதுக்கப்பட்ட வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் பலர் நகருக்குள் திரும்பி வருவதை அதிகாரிகள் மோசடியாகப் பார்க்கிறார்கள். நான் பார்த்தவரை, அப்படித் திரும்புபவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்கு அருகில் ஓர் அறையைத் தேடி வந்தவர்கள். வீடு தவறான இடத்தில் கட்டப்பட்டது என்பதற்கு அவர்கள் திரும்பி வருவதைவிட நல்ல சான்று இருக்க முடியாது.

கேள்வி கேட்டவர்

விரிவாக எழுதிய அனைவருக்கும் எங்கள் பகுதி மக்களின் சார்பில் நன்றி. அடுத்த ஞாயிறு மாலை மக்களைக் கூட்டி இவற்றைப் படித்துக் காட்டப் போகிறோம். ஐந்து கிலோமீட்டருக்குள் மறுகட்டுமானக் குடியிருப்பு என்ற யோசனை, வீடு போதும் என்பவர்களையும் தொழில் போய்விடும் என்பவர்களையும் ஒரே மனுவில் கையெழுத்திட வைக்கும் என்று நம்புகிறேன். ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. திருநங்கைகளிடமும் சில வாடகைக் குடும்பங்களிடமும் அந்த முகவரியில் குடும்ப அட்டை இல்லை. அவர்கள் அங்கே வாழ்கிறார்கள் என்பதை எதைக் கொண்டு நிறுவுவது?

பதில் 1: சட்ட உதவிப் பணியில் இருப்பவர்

குடும்ப அட்டை ஒன்றே சான்று என்று யாரும் சொல்ல முடியாது. வாக்காளர் அட்டை, ஆதார், எரிவாயு இணைப்புப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, அரசு மருத்துவமனைச் சீட்டு, மகப்பேறு அட்டை, அந்த முகவரிக்கு வந்த அஞ்சல், எது இருந்தாலும் நகலெடுத்து வையுங்கள். எதுவுமே இல்லாதவருக்கு, அண்டை வீட்டார் இருவரின் உறுதிமொழியோடு அங்கன்வாடிப் பணியாளரோ கிராமச் சுகாதாரச் செவிலியருக்கு இணையான நகர்ப்புறப் பணியாளரோ தரும் கடிதம் உதவும். திருநங்கைகள் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றுக்கும், தனிக் குடும்ப அட்டைக்கும் இப்போதே விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பித்த ரசீதுகூடப் பயன்படும். கணக்கெடுப்பில் விடுபட்ட ஒவ்வொரு குடித்தனத்திற்கும் தனித்தனி ஆட்சேப மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் இட்ட ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். மொத்தமாக ஒரே மனுவாகக் கொடுத்தால் யார் பெயர் விடுபட்டது என்பதைப் பின்னர் நீதிமன்றத்தில் காட்டுவது கடினமாகிவிடும். மனுக்கள் தயாரானதும் எழுதுங்கள், படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.